இரண்டு மடங்கு ஆபத்து என்றால் உண்மையில் எவ்வளவு?

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மனைவிக்கு 36 வயது, முதல் கர்ப்பம், 30 வாரம் முடிந்திருக்கிறது. 26ஆம் வாரத்தில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் பார்த்ததில் இரண்டு மணி நேர சுகர் 152. மாத்திரை, இன்சுலின் எதுவும் இல்லை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும். இவர் இரவெல்லாம் இணையத்தைத் துழாவி ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்: வயிற்றிலேயே குழந்தை இறந்து பிறப்பது 175இல் ஒன்று. வயதுக்கு இரண்டு மடங்கு, சுகருக்கு மூன்று மடங்கு. எல்லாவற்றையும் பெருக்கினால் 29இல் ஒன்று. “இந்தக் கணக்கு சரியா? சரியென்றால் என்ன செய்வது? வீட்டிலேயே இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி ஒன்றை வாங்கிவிடலாமா?” என்பது கேள்வி.

கணக்கு தப்பு. சென்னையில் பிரசவம் பார்க்கும் மருத்துவராக இதே கணக்கைப் பல வடிவங்களில் பார்த்திருக்கிறேன். பயத்தில் போடும் கணக்கில் பெருக்கல் மட்டும்தான் இருக்கும், வகுத்தல் இருக்காது. ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 175. அது அமெரிக்க எண். அங்கே 20 வாரத்துக்குப் பிறகு குழந்தை வயிற்றில் இறந்தாலே இந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பிரிட்டனில் 24 வாரத்திலிருந்து எண்ணுகிறார்கள். நாடுகளை ஒப்பிடும்போது உலக சுகாதார நிறுவனம் 28 வாரத்திலிருந்து எண்ணுகிறது. அமெரிக்காவில் பதிவாகும் இறப்புகளில் ஏறத்தாழ பாதி 20 முதல் 27 வாரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. உங்கள் மனைவி அந்தப் பகுதியைத் தாண்டி வந்துவிட்டார். எனவே 175 என்ற எண்ணிலிருந்து தொடங்குவதே சரியில்லை. அந்த ஊர்க் கணக்கையே வைத்தாலும் இனி மிச்சம் இருப்பது ஆயிரத்துக்கு 3க்கு உள்ளேதான்.

அடுத்தது வயது. “35க்கு மேல் இரண்டு மடங்கு” என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். 35 முதல் 39 வரை ஒரு கூட்டம், 40க்கு மேல் இன்னொரு கூட்டம். இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. 37 முதல் 41 வாரம் வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 35–39 வயதினருக்கு 382இல் ஒன்று, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 267இல் ஒன்று என்று வந்தது. 35க்குக் கீழே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் முதல் கூட்டத்துக்கு சுமார் 1.3 மடங்கு, இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் மனைவி முதல் கூட்டம். 382இல் ஒன்று என்பதைத் திருப்பிச் சொன்னால் 381 குழந்தைகள் நல்லபடியாக இருக்கின்றன. அந்த ஒன்றைச் சின்னதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்பது முழுசாகத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

சுகருக்குப் போட்ட மூன்று மடங்கும் வேறொருவருடையது. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தவர்களுக்கான எண் அது. கர்ப்பத்தில் வந்த சுகர், அதுவும் சாப்பாட்டிலேயே கட்டுக்குள் இருக்கும் சுகர், அந்தக் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறோம். சாப்பிட்டு வந்தாலும் வெறும் வயிற்றில் வந்தாலும் அதே சோதனைதான், 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. இப்படி எல்லோரையும் வலைபோட்டுப் பிடிப்பதால், வேறு இடங்களில் கண்ணில் படாமலே போகும் லேசான சுகர்கூட இங்கே தெரிந்துவிடுகிறது. 152 என்பது அந்த லேசான வகை. அதற்காக விட்டுவிடலாம் என்று இல்லை. காலையில் வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அப்படி இருக்கும்வரை மூன்று மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெருக்கியது இன்னொரு தப்பு. வயது, எடை, சுகர், பி.பி. எல்லாம் தனித்தனியாக வருபவை இல்லை. வயது கூடினால் சுகர் வரும் வாய்ப்பு கூடும், எடை கூடினால் பி.பி. கூடும். வயதுக்குச் சொன்ன மடங்கிலேயே சுகரின் பங்கு கொஞ்சம் கலந்திருக்கும். தனித்தனி ஆய்வுகளின் மடங்குகளை எடுத்துப் பெருக்கினால் ஒரே ஆபத்தை இரண்டு முறை எண்ணுகிறோம். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்களில் ஒழுங்காகச் செய்தவை இந்த ஒன்றுக்கொன்று கலப்பைக் கழித்துத்தான் கணக்குப் போடுகின்றன. அவற்றுக்கும் தனி ஒருவருடைய குழந்தைக்கு என்ன ஆகும் என்று சொல்லும் திறமை குறைவுதான். ‘ஆபத்து குறைவு’ என்று குறிக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை மிக அதிகம், அதனாலேயே இறப்புகளில் கணிசமானவை அந்தக் கூட்டத்திலிருந்து வருகின்றன. எண் குறைவாக வந்ததும் நிம்மதியாகக் கால் நீட்டிவிடுவதும் சரியில்லை என்று சொல்வது இதனால்தான்.

சரி, எந்த வாரத்தில் ஆபத்து அதிகம்? இதில் படித்தவர்களே இடறுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 30ஆம் வாரத்தில் ஆயிரம் பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள். அந்த வாரத்தில் 10 பேருக்குப் பிரசவம், அதில் ஒரு குழந்தை இறந்து பிறக்கிறது. 39ஆம் வாரத்தில் இன்னும் 600 பேர் கர்ப்பமாக இருக்கிறார்கள். அந்த வாரத்தில் 300 பேருக்குப் பிரசவம், அதிலும் ஒன்று இறந்து பிறக்கிறது. அந்தந்த வாரத்தில் பிறந்தவர்களால் வகுத்தால் 30ஆம் வாரத்தில் 10இல் ஒன்று, 39இல் 300இல் ஒன்று என்று வரும். 30ஆம் வாரம் பயங்கரமாகத் தெரியும். ஆனால் அந்த வாரம் ஆபத்தில் இருந்தது பிறந்த 10 குழந்தைகள் மட்டுமா? வயிற்றில் இருந்த ஆயிரமும்தானே? அப்படி வகுத்தால் 30இல் ஆயிரத்தில் ஒன்று, 39இல் 600இல் ஒன்று. படம் தலைகீழாகிவிடுகிறது. “32 வாரத்தில் பிறந்தவற்றில் இத்தனை சதவீதம் இறந்தன” என்று எங்காவது படித்தால், எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள்.

சரியான முறையில், ஒன்றரைக் கோடி கர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 37ஆம் வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11ஆக இருந்த ஆபத்து 42ஆம் வாரத்தில் 3.18 ஆகிறது. 40இலிருந்து 41க்குத் தள்ளிப்போட்டால், 1449 பெண்களுக்கு ஒரு குழந்தை வீதம் கூடுதலாக இறக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிரசவித்த பெண்களை ஆராய்ந்தபோது, தெற்காசியாவில் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்றம் முன்னதாகவே தொடங்குவது தெரிந்தது. நம்மூரில் தேதி தாண்டினால் “தானா வலி வரட்டும், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்” என்று வீட்டில் சொல்வார்கள். 36 வயதில் முதல் பிரசவம், கூடவே சுகர் என்னும்போது அந்த ஒரு வாரத்தை நான் கொடுக்க மாட்டேன்.

“அப்படியென்றால் நேராக ஆபரேஷன்தானா?” என்ற கேள்வி அடுத்து வரும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்று வந்தது, அதனால் சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரிட்டனில் 35 வயதைத் தாண்டி முதல் பிரசவத்துக்கு வந்த 600க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 39ஆம் வாரத்தில் மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். சிசேரியன் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மூன்றில் ஒரு பங்கு. எனவே 39ஐ ஒட்டி வலி வரவழைப்பதைப் பற்றி 36ஆம் வார செக்கப்பிலேயே உங்கள் மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். அவரே அதை எடுப்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்திய எண் ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு மேல் உலகில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள் இறந்து பிறக்கின்றன. எண்ணிக்கையில் இந்தியாதான் முதலிடம். இந்திய விகிதம் 2021ஆம் ஆண்டுக்கான ஐ.நா. மதிப்பீட்டில் ஆயிரத்துக்கு 12 என்ற அளவில் வருகிறது. 2030க்குள் இதை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது 2014இல் மத்திய அரசு வைத்த இலக்கு. உலக அளவில் இந்த இறப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேல் வலி எடுத்த பிறகு நடக்கின்றன. வண்டி கிடைக்காமல், ஆள் இல்லாமல், ஆபரேஷன் வசதி இல்லாமல் போன குழந்தைகள் அவை. சென்னையில், இரவிலும் ஆபரேஷன் தியேட்டர் இயங்கும் மருத்துவமனையில் பதிவு செய்திருப்பவருக்கு அந்தப் பங்கு வெகுவாகச் சுருங்கிவிடும். அதனால் 12 என்பதும் உங்கள் எண் இல்லை. போகிற போக்கில் இன்னொன்று: எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் இறப்பு விகிதம் அதிகம், பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் ஒன்றுகூட இல்லை என்று ஒப்பிடாதீர்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம் வரை கைமீறிய கேஸ்கள் எல்லாம் எழும்பூருக்குத்தான் வந்து சேரும். அப்படி அனுப்பிவைத்த இடங்களில் அந்த நர்சிங் ஹோமும் ஒன்றாக இருக்கலாம்.

உங்கள் மனைவிக்கு என்ன எண் என்று விடாமல் கேட்டால், ஆயிரத்துக்கு 3இலிருந்து 6க்குள் என்பேன். ஆய்வுகளையும் இங்கே பார்த்துப் பழகியதையும் வைத்துச் சொல்லும் மதிப்பீடு இது. உங்கள் 29இல் ஒன்று என்பது ஆயிரத்துக்கு 34. இடைவெளி தெரிகிறதல்லவா? இந்த 3–6கூட இன்று உள்ள நிலைக்குத்தான். இனி வரும் ஒவ்வொரு ஸ்கேனும், ஒவ்வொரு பி.பி. அளவும் அதை மேலேயோ கீழேயோ நகர்த்தும். வயது மாறப்போவதில்லை, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பலன் இல்லை. நகரும் விஷயங்களைக் கவனியுங்கள்.

அவற்றில் தலையாயது குழந்தையின் வளர்ச்சி. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாதபோது முதலில் நிற்பது எடைதான். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இறப்பு ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு என்று பணக்கார நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்ததில் வந்தது. வயதெல்லாம் இதற்குப் பக்கத்திலேயே வராது. உங்கள் கையில் இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுங்கள். கடைசிப் பக்கத்தில் ‘இ.எஃப்.டபிள்யூ’ என்று குழந்தையின் உத்தேச எடை இருக்கும். 30 வாரத்தில் 1350 கிராம், 15ஆம் பெர்சென்டைல் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு குழந்தைகளை எடைவாரியாக நிறுத்தினால் கீழிருந்து 15ஆவது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்கே பலர் முகம் வெளிறிப்போய் வருவார்கள். ஸ்கேன் எடையில் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கும். பல சென்டர்களில் ஓடும் அளவுகோல் அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்டது, நம் குழந்தைகள் சராசரியிலேயே கொஞ்சம் சின்னவை. எட்டு நாடுகளின் தாய்மார்களை, நம் நாக்பூர்த் தாய்மார்களையும் சேர்த்து, வைத்துத் தயாரித்த இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. எதில் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

எடையைவிட முக்கியம் போக்கு. 15ஆம் பெர்சென்டைலில் தொடங்கி நான்கு வாரம் கழித்தும் அங்கேயே ஓடினால் அது சின்ன உடம்புக் குழந்தை. 60இல் இருந்தது 20க்கு இறங்கினால், 20 என்பது ‘நார்மல்’ என்று அச்சடித்திருந்தாலும் நான் சும்மா விடமாட்டேன். கூடவே தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தின் டாப்ளர் என்ன சொல்கிறது, பனிக்குட நீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தொப்புள்கொடியில் ரத்தம் இடையிடையே நின்றுபோனாலோ பின்னோக்கி ஓடினாலோ அன்றைக்கே அட்மிஷன்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். இதுவரை வேளச்சேரியில் ஸ்கேன், இனி வேலூரில் ஸ்கேன். புது ஊர், புது டாக்டர், வேறு மெஷின், பழைய ஃபைல் சென்னையிலேயே பீரோவில். போக்கு பார்க்க வேண்டிய நேரத்தில் போக்கே இல்லாமல் போய்விடுகிறது, ஒவ்வொரு ரிப்போர்ட்டும் தனித்தீவு. போகட்டும், அம்மா கை சாப்பாடு வேண்டும்தான். ஆனால் அத்தனை ரிப்போர்ட்டும், பிக்மி எண்ணும் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்த எண்), சுகர் எழுதிய நோட்டும் கையோடு போக வேண்டும். அங்கே பதிவு செய்யும் இடத்தில் இரவு நேர ஆபரேஷன் வசதி இருக்கிறதா என்று போவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது பி.பி. 140க்கு 90ஐத் தொட்டால், அல்லது விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. பி.பி. வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்கு முன்பே சின்ன அளவு ஆஸ்பிரின் தொடங்குவோம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது, எனக்கு அதிகம் கோபம் வரவைப்பது, குழந்தையின் அசைவு. “பிரசவம் நெருங்கினால் குழந்தை அடங்கிடும்” என்று பாட்டி முதல் எதிர்வீட்டு மாமி வரை சொல்வார்கள். பொய். கடைசி வாரங்களில் இடம் குறைவதால் உதை, புரளலாகவும் நெளிவாகவும் மாறலாம், குறையக் கூடாது. வலி எடுக்கும்வரை, எடுத்த பிறகும்கூட, அசைவு இருந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை என்று எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. சில மருத்துவமனைகள் சாப்பிட்ட பிறகு எண்ணச் சொல்லி அட்டை கொடுக்கும், எண்ணுவது பிடித்தால் எண்ணுங்கள். அதைவிட முக்கியம், இந்தக் குழந்தை வழக்கமாக எப்போது ஆடும் என்று தாய்க்குத் தெரிந்திருப்பது. இரவு சாப்பிட்டுப் படுத்ததும் குதிக்கிற குழந்தை இன்றைக்குச் சும்மா இருக்கிறது என்று அவருக்குத் தோன்றினால், ஜூஸ் குடித்துப் பார், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார், காலையில் பார்க்கலாம் என்ற பேச்செல்லாம் வேண்டாம். கிளம்ப வேண்டும். மணி இரண்டாக இருந்தாலும், வண்டி இல்லாவிட்டால் 108ஐக் கூப்பிட்டாவது. பத்து முறை வந்து பத்து முறையும் எல்லாம் சரியாக இருந்து அனுப்பினாலும் எந்த நல்ல லேபர் வார்டும் முகம் சுளிக்காது. சுளித்தால் வார்டை மாற்றுங்கள்.

சின்ன விஷயங்கள் சில. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கப் போகிறவர்களுக்கு ஆபத்து சுமார் 2.6 மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. ஒருக்களித்துப் படுத்தால் போதும், இடதா வலதா என்பதில் வித்தியாசம் இல்லை. நடுராத்திரி விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறார் என்றால் பதறாமல் திரும்பிப் படுக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பில்லாமல் அரிப்பு வந்தால் சென்னை வெயில், வேர்க்குரு என்று பவுடர் போட்டு மூடாதீர்கள். ரத்தத்தில் பித்த அமில அளவைப் பார்க்க வேண்டும். அது 100ஐத் தாண்டினால் இறப்பு ஆபத்து 3 சதவீதத்துக்கு மேல், 40க்குக் கீழே என்றால் மற்றவர்களைப் போலத்தான். வெயிலையும் லேசாக எடுக்க வேண்டாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருவிழப்பு உள்ளிட்ட பாதகங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தன.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே ஒரு குழந்தையை இப்படி இழந்தவர்களும் இருப்பீர்கள். அடுத்த முறை ஆபத்து சுமார் 2.5 சதவீதம், இழக்காதவர்களுக்கு 0.4 சதவீதம் என்பது பெரிய தொகுப்பாய்வு ஒன்றின் கணக்கு. இதுவும் சராசரிதான், முதல் முறை ஏன் நடந்தது என்பதைப் பொறுத்து உங்கள் எண் வெகுவாக மாறும். காரணம் கண்டுபிடிக்க அதிகம் உதவுவது நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் குழந்தையின் பிரேதப் பரிசோதனையும். இரண்டாவதற்கு நம் குடும்பங்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை, வற்புறுத்தவும் மனம் வராது. முதலாவதற்கு யாருக்கும் ஆட்சேபணை இருக்காது, ஆனால் அன்றைக்கு அதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்குப் பதில், ‘டார்ச்’ என்று, சில தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனைக் கட்டு ஒன்று எழுதித் தரப்படும். பெரும்பாலும் அது பணத்துக்குக் கேடு.

கடைசியாக அந்தக் கையடக்க டாப்ளர். வாங்காதீர்கள். அசைவு குறைந்த ராத்திரியில் அதை வயிற்றில் வைப்பீர்கள், டப் டப் என்று ஏதோ கேட்கும். அது தாயின் நாடியாகவோ நஞ்சுக்கொடியின் ஓசையாகவோ இருக்கலாம். குழந்தையின் துடிப்பாகவே இருந்தாலும், அது திணறிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று அந்தச் சத்தம் சொல்லாது. அதைக் கேட்ட நிம்மதியில் கிளம்பாமல் படுத்துவிடுவீர்கள் என்பதுதான் என் கவலை. அந்தப் பணத்தில் குளுக்கோமீட்டருக்கு ஸ்ட்ரிப் வாங்குங்கள், மிச்சம் இருந்தால் நல்ல பி.பி. மெஷின் ஒன்று.